நூற்றி நாற்பத்தைந்தாம் வரி

1987 ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ப்யூன் சோணைமுத்து ஒன்பதாம் வகுப்பு வாசலில் வந்து நின்று, ஆறு கம்ப்யூட்டரில் நாலு செத்துப்போச்சு என்று சொன்னார். அவர் முகம் இழவு சொல்ல வந்தவர் முகம் மாதிரியே இருந்தது.

கரும்பலகையில் பாதிக் கணக்கோடு நின்ற ஜெயக்கொடி சாக்பீஸை வைத்துவிட்டு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினாள். மதுரை கே.கே. நகரில் இருந்த அந்தத் தனியார் பள்ளிக்கு ஆறு இயந்திரங்களும் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பிள்ளைகள் கோயிலுக்குள் போவதுபோல் போய், சந்தைக்குள் இருப்பதுபோல் இருந்துவிட்டு வருவார்கள். முந்நூற்று எழுபது பிள்ளைகள், ஆறு இயந்திரம். பி.எஸ்ஸி. கணக்குப் படித்து, சென்னையில் மூன்று வாரப் பயிற்சிக்கும் போய்வந்தவள் என்பதால் அந்த அறை அவள் தலையில் விழுந்திருந்தது.

நாலு திரைகளும் இருட்டாக இருந்தன. ஆனால் மின்விசிறிச் சத்தம் கேட்டது. விசையைத் தட்டினால் உள்ளே ஏதோ வேலை நடந்தது. அரை மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகுதான் அவளுக்குப் பிடிபட்டது. எவனோ ஒருவன் எழுத்தின் நிறத்தையும் கறுப்பாக்கி, பின்னணியையும் கறுப்பாக்கி, அதை இயந்திரத்தை முடுக்கப் போடும் தொடக்க பிளாப்பியிலேயே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். இயந்திரம் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தது. அது பேசியது யார் கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான்.

அது மட்டுமில்லை. ஒரு இயந்திரத்தில் எழுத்தெல்லாம் இரண்டு மடங்கு அகலமாக இருந்தது. இன்னொன்றில் எந்த விசையைத் தட்டினாலும் ‘கீ’ என்று கத்தியது. முதல் பீரியடில் வந்தவன் தன் வசதிக்கு மாற்றி வைப்பான். இரண்டாம் பீரியடில் வந்தவள் அதைப் பார்த்து முழிப்பாள். பாதி வகுப்பு அதைச் சரிபண்ணுவதிலேயே போய்விடும்.

ஜெயக்கொடி மூன்று சனிக்கிழமை பள்ளிக்கு வந்து உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினாள். பத்து, இருபது, முப்பது என்று வரிசை எண் போட்டு முந்நூறாம் எண் வரை போனது. இயந்திரத்தை முடுக்கியதும் அது பள்ளி எண்ணைக் கேட்கும். பையன்களுக்கு ஒன்றிலிருந்து, பெண்பிள்ளைகளுக்கு ஐந்நூற்று ஒன்றிலிருந்து; வருகைப் பதிவேட்டில் ஏற்கெனவே இருந்த எண்கள்தான். எண்ணைத் தட்டினால் எல்லோருக்கும் ஒரே மாதிரி, பச்சை எழுத்தில் சுத்தமான திரை வரும். தனக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். மாற்றியது அவரவர் எண்ணின் கீழே இரண்டாவது பிளாப்பியில் பத்திரமாக இருக்கும். அடுத்த ஆளைத் தொடாது. தொடக்க பிளாப்பியின் ஓரத்தில் இருக்கும் சின்ன வெட்டின் மேல் கறுப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டாள். ஒட்டிவிட்டால் அதில் யாரும் எதையும் எழுத முடியாது.

வகுப்பு வகுப்பாக நிறுத்தி அதை விளக்கினாள்.

“இதுக்குப் பேரு டீஃபால்ட். நீங்க ஒண்ணுமே சொல்லலைன்னா மிஷின் தானா எதை எடுத்துக்குதோ, அது. நீங்க வேறன்னு சொன்னா அது கேட்டுக்கும். சொல்லாம இருக்கிற வரைக்கும்தான் அதோட இஷ்டம். புரியுதா?”

“புரியுது மிஸ்” என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு மாதத்தில் உண்மையிலேயே புரிந்தும் போயிற்று. அறையில் சத்தம் அடங்கியது. பிள்ளைகள் வந்த உடனே வேலையில் இறங்கினார்கள்.

பள்ளித் தாளாளர் வெள்ளைத்துரை உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. கப்பலூரில் ரப்பர் ஃபேக்டரி போட்டு மேலே வந்து, அந்த வருமானத்தில் பள்ளிக்கூடம் கட்டியவர். யார் பள்ளிக்கு வந்தாலும் முதலில் கம்ப்யூட்டர் அறைக்குத்தான் கூட்டிவருவார்.

“எங்க டீச்சர் பண்ணுனது. எழுமலை ஊருப் புள்ள. நம்ம பக்கந்தான்” என்று சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமை பொய்யில்லை. ஜெயக்கொடிக்கும் அது பிடித்திருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் அவர் தனியாக வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“டீச்சர், நம்பரப் பாத்து மிஷினு ஆளத் தெரிஞ்சுக்கிருதுல்ல?”

“ஆமா சார்.”

“அப்ப ஐந்நூறுக்கு மேல நம்பர் போட்டா நேரா டைப்பிங் பாடத்துக்குப் போற மாதிரி பண்ணிருங்க. பொம்பளப்புள்ளைகளுக்கு அது போதும். பயலுக புரோகிராம் எழுதட்டும்.”

தன் காதில் ஏதோ தப்பாக விழுந்துவிட்டது என்று ஜெயக்கொடி நினைத்தாள். “எதுக்கு சார்?”

“ஆறு மிஷினு, இம்புட்டுப் புள்ளைக. எல்லாருக்கும் எல்லாம்னா யாருக்கும் ஒண்ணும் முழுசா கெடைக்காது. அடுத்த வருசம் போட்டிக்கு அனுப்பணும், பயலுகளுக்கு நேரம் வேணும். இந்தப் புள்ளைகளுக்கு டைப்பிங் தெரிஞ்சா நாளைக்கே எங்க ஆபீஸ்ல உக்கார வைப்பேன். நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அவர் நல்லதுக்குத்தான் சொல்கிறார் என்பது அவளுக்கும் தெரிந்தது. பள்ளிப் படிப்பு முடித்ததும் அவள் அப்பா நல்லகாமனும் நல்லதுக்குத்தான் சொன்னார். அண்ணனை மதுரையில் காலேஜில் சேர்த்துவிட்டு, அவளை உசிலம்பட்டியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்தார். ஒரு வருஷம் முழுக்க அதே நாலு எழுத்தை இடது கையாலும் வேறு நாலை வலது கையாலும் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, டைப்ரைட்டிங் பரீட்சைக்கு விண்ணப்பம் என்று சொல்லி அப்பாவிடம் கையெழுத்து வாங்கி, அதைக் கொண்டுபோய்க் காலேஜில் கொடுத்தாள். வீட்டில் தெரிந்தபோது முதல் பருவமே முடிந்திருந்தது.

“பண்ண மாட்டேன் சார்” என்றாள்.

வெள்ளைத்துரை சிரித்தார். “என்னாத்தா, ஒரே ஒரு வரிதானே?”

“ஒரு வரிதான் சார். ஆனா நான் எழுத மாட்டேன்.”

சிரிப்பு நின்றது. அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

செப்டம்பரில் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்று ஜெயக்கொடி நான்கு நாள் லீவு போட்டாள். திரும்பி வந்த திங்கட்கிழமை மூன்றாம் பீரியட் ஒன்பதாம் வகுப்பு. சீனியம்மாள் என்ற பெண் மூன்றாவது இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து கையைத் தூக்கினாள்.

“மிஸ், என் புரோகிராம் எங்க மிஸ்?”

சீனியம்மாள் மூன்று வாரமாக ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். எந்தத் தேதியைக் கொடுத்தாலும் அது என்ன கிழமை என்று சொல்ல வேண்டும். லீப் வருஷத்தில் மட்டும் உதைத்துக்கொண்டிருந்தது. இப்போது அவள் எண்ணைத் தட்டினால் திரையில் விரல் வைக்கும் படமும், தட்ட வேண்டிய எட்டு எழுத்தும் வந்தன. வெளியே வர வழியில்லை. பக்கத்து இயந்திரத்தில் இருந்த பெண்ணுக்கும் அதேதான். அந்தப் பக்கம் பையன்கள் எப்போதும்போல் வேலையைத் தொடங்கியிருந்தார்கள்.

ஜெயக்கொடி தன்னுடைய எண்ணான தொள்ளாயிரத்தைத் தட்டி உள்ளே போய், புரோகிராமை வரி வரியாக ஓடவிட்டாள். நூற்றி நாற்பது அவள் எழுதியது. நூற்றி ஐம்பதும் அவள் எழுதியது. இரண்டுக்கும் நடுவே நூற்றி நாற்பத்தைந்து என்று ஒரு வரி புதிதாக உட்கார்ந்திருந்தது. எண் ஐந்நூறுக்கு மேல், தொள்ளாயிரத்துக்குக் கீழ் என்றால் தட்டச்சுப் பாடம். மாதம் ஒருமுறை இயந்திரங்களைப் பார்க்க வரும் கம்பெனி என்ஜினியர் ஹாலாஸ்யத்தின் கை அது. ஆறு தொடக்க பிளாப்பியிலும் அவள் ஒட்டிய ஸ்டிக்கரை உரித்துவிட்டு, எழுதி முடித்துப் புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். அது கொஞ்சம் கோணலாக இருந்தது.

அவள் நேராகத் தாளாளர் அறைக்குப் போனாள். தலைமையாசிரியர் பஞ்சாபகேசனும் அங்கே இருந்தார்; வருகிற மார்ச்சோடு ஓய்வு பெறப்போகிறவர், எந்தச் சண்டையிலும் ஜன்னல் பக்கமே பார்ப்பவர்.

“அந்த வரிய எடுக்கச் சொல்லுங்க சார். பிள்ளைக மூணு வாரமா எழுதுனதத் தொட முடியாம உக்காந்திருக்காங்க.”

“எழுதுன வரைக்கும் போதும்” என்றார் வெள்ளைத்துரை. “டீச்சர், பள்ளிக்கூடம் என்னுது. மிஷினும் என்னுது. அதுல மொதல்ல என்ன வரணும்னு நான் சொல்லக்கூடாதா?”

“சொல்லலாம் சார். ஆனா மொதல்ல வர்றது வேற, அதுக்கு மேல போகவே விடாம பூட்டுறது வேற. நீங்க போட்டிருக்கிறது பூட்டு.”

“சரி, பூட்டுன்னே வச்சுக்கங்க.”

பஞ்சாபகேசன் ஜன்னலைப் பார்த்தபடியே, “ஏம்மா, நமக்கு எதுக்கு இதெல்லாம்? பாடம் நடத்தறது மட்டும் நம்ம வேலை” என்றார்.

“நான் பாடந்தான் நடத்தப்போறேன் சார்” என்று சொல்லிவிட்டு ஜெயக்கொடி மாடிக்குத் திரும்பினாள்.

பெண்பிள்ளைகள் இன்னும் அந்த எட்டு எழுத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜெயக்கொடி கரும்பலகையில் பெரிதாக 900 என்று எழுதினாள்.

“இது என் நம்பர். இனிமே யாருக்கு டைப்பிங் பாடம் வந்து நிக்குதோ அவுங்க இந்த நம்பரப் போட்டு உள்ள போங்க. சீனியம்மா, உன் ஃபைல் அங்கதான் இருக்கு, பேரச் சொன்னா வரும்.”

“மிஸ், அது உங்க நம்பராச்சே?” என்றாள் சீனியம்மாள்.

“என் நம்பர்தான். யாரும் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

அவள் அந்த எண்ணை அழிக்கவேயில்லை. அடுத்த வகுப்புக்கும் அது அங்கேயே இருந்தது. அறையைப் பெருக்க வந்த சோணைமுத்து, துடைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். அறை நோட்டில் அன்றைய தேதி போட்டு, ‘மாணவிகள் அனைவரும் என் எண்ணைப் பயன்படுத்த நான் அனுமதித்திருக்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

யார் எப்போது உள்ளே போனார்கள் என்பதை இயந்திரம் குறித்து வைக்கும். மாதக் கடைசியில் அதைக் காகிதத்தில் அச்சடித்துத் தாளாளருக்குக் கொடுப்பது வழக்கம். செப்டம்பர் கடைசியில் ப்ரின்டர் கரகரவென்று முக்கால் மணி நேரம் ஓடியது. ஜெயக்கொடி அந்த நீளக் காகிதத்தை மடித்து, தானே கொண்டுபோய் மேசைமேல் வைத்தாள்.

வெள்ளைத்துரை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் கீழே கீழே இறங்கினார். தொள்ளாயிரம், தொள்ளாயிரம், தொள்ளாயிரம்.

“என்ன டீச்சர் இது? புதன்கிழமை பத்தேகாலுக்கு ஆறு மிஷின்லயும் நீங்களே உக்காந்திருக்கீங்க?”

“ஆமா சார். நாந்தான்.”

“ஒரு ஆளு எப்படி ஆறு மிஷின்ல உக்காரும்?”

“ஆறு மிஷின்லயும் என் நம்பர்தான் சார் இருக்கு. யாரையாச்சும் கேக்கணும்னா என்னைக் கேளுங்க. பிள்ளைகளக் கேக்காதீங்க.”

வெள்ளைத்துரை காகிதத்தைத் தள்ளிவைத்தார். அவருடைய காதோரம் சிவந்திருந்தது. மறுநாள் அவளுக்கு மெமோ வந்தது. நிர்வாகத்தின் முடிவை மீறியது, தனக்குரிய எண்ணைப் பிறருக்குக் கொடுத்தது. மூன்று வாரத்துக்குள் எழுத்து மூலமாக மன்னிப்புக் கோர வேண்டும்.

அடுத்த வாரம் ஹாலாஸ்யம் வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கையில் எப்போதும் ஒரு கறுப்புப் பெட்டி. தொள்ளாயிரத்தை நீக்கச் சொல்லி அவருக்கு உத்தரவு. வேலையை முடித்துவிட்டுப் பெட்டியை மூடினார். பிறகு கதவைச் சாத்தினார்.

“மேடம், தப்பா நெனச்சுக்காதீங்கோ. எனக்கு இது வேலை. அவர் சொன்னார், பண்ணிட்டேன். உங்க புரோகிராமைப் படிச்சேன், ரொம்ப அழகா எழுதியிருக்கேள். நடுவுல கைவைக்கவே சங்கடமா இருந்தது.”

“கைவச்சுட்டீங்களே.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “ஒண்ணு பண்ணுங்கோ. ரெண்டு இயந்திரத்துல மட்டும் அந்த வரியை அழிச்சிடுங்கோ. பெண்பிள்ளைகளை அந்த ரெண்டுல உக்கார வையுங்கோ. அவருக்கு எங்கே தெரியப்போறது? அடுத்த மாசம் வந்தா நானும் பார்க்காத மாதிரி போயிடறேன்.”

ஜெயக்கொடி யோசித்தாள். செய்ய அரை நிமிஷம் ஆகும். யாருக்கும் தெரியாது. சீனியம்மாள் லீப் வருஷத்தை முடித்துவிடுவாள்.

“வேண்டாம் சார்” என்றாள். “காலேஜுக்குப் போறதுக்கு எங்கப்பாகிட்ட ஒளிச்சுத்தான் கையெழுத்து வாங்கினேன். நான் படிச்சேன். எங்க ஊர்ல எனக்கு அடுத்த பிள்ளைக்கு என்ன ஆச்சு தெரியுமா? ‘கையெழுத்துக் கேட்டா பாத்துப் போடு’ன்னு எல்லா அப்பன்மாரும் உசாராயிட்டாங்க. ஒளிச்சுச் செஞ்சா எனக்கு மட்டுந்தான் ஆகும். நான் ஏன் ஒளியணும்? ஒளியவேண்டிய வரிய எழுதுனது நானா?”

ஹாலாஸ்யம் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மூன்று வாரக் கெடு முடிந்த அன்று அவள் தாளாளர் அறைக்குப் போனாள். மன்னிப்புக் கடிதம் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்து வெள்ளைத்துரை உட்காரச் சொன்னார். அவள் உட்காராமல் ஒரு காகிதத்தை நீட்டினாள். தட்டச்சு செய்திருந்தாள், ஒரு பிழை இல்லை, ஒரு வரி கோணவில்லை.

‘இப்பள்ளியின் கம்ப்யூட்டர் அறையில் மாணவர்கள் புரோகிராம் எழுதலாம். மாணவிகள் தட்டச்சு மட்டுமே பயில வேண்டும். இது நிர்வாகத்தின் உத்தரவு. தாளாளர்.’

“இதுல கையெழுத்துப் போடுங்க சார். அறைக் கதவுல ஒட்டிர்றேன். அதுக்கப்புறம் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”

“இதுக்கு எதுக்கு எழுத்து?”

“மிஷினுக்குள்ள எழுதியாச்சே சார். வெளிய எழுதுறதுக்கு என்ன?”

பஞ்சாபகேசன் முதல்முறையாக ஜன்னலை விட்டுத் திரும்பினார். “சார், இதுல கையெழுத்துப் போடாதீங்கோ” என்று மெல்லச் சொன்னார்.

அந்தச் சொல்தான் வெள்ளைத்துரையை உசுப்பிவிட்டது. “ஏன், நான் என்ன களவாணித்தனமா பண்றேன்? என் பள்ளிக்கூடத்துல நான் சொன்னத நான் ஒத்துக்கிற மாட்டேனா?” என்று பேனாவை எடுத்து, காகிதம் கிழியும்படி அழுத்திக் கையெழுத்துப் போட்டார். “போயி ஒட்டுங்க. நாலு பக்கமும் நல்லாப் பசை தடவி ஒட்டுங்க.”

அவள் அப்படியே ஒட்டினாள்.

பதினைந்து நாள் அது கதவில் இருந்தது. ஆசிரியர்கள் படித்தார்கள், படித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பெண்பிள்ளைகள் தினமும் அதைத் தாண்டி உள்ளே போய் எட்டு எழுத்தைத் தட்டினார்கள். ஒரு பையன் தன் எண்ணைப் போட்டு சீனியம்மாளை உட்கார வைத்தான். சீனியம்மாள் எழுந்துவிட்டாள். “ஒன் நம்பர் எனக்கு எதுக்கு? என் நம்பருக்கு என்ன குறை?” என்று அவள் கேட்டது அறை முழுக்கக் கேட்டது. ஜெயக்கொடி அவளை அடக்கவில்லை. ஆனால் அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவளுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. வேலை போனால் அப்பா வீட்டுக்குத்தான் போக வேண்டும். அண்ணன் என்ன சொல்வான் என்பதும் அவளுக்குத் தெரியும். இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கி, திரும்பி நடந்தாள்.

நவம்பர் முதல் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். வழக்கம்போல எல்லோரையும் கம்ப்யூட்டர் அறைக்குக் கூட்டிவந்தார் வெள்ளைத்துரை. கதவில் ஒட்டியது அவருக்கு நினைவில் இருந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தவர்கள் நிமிர்ந்தபோது அது கண்ணுக்கு நேராக இருந்தது.

முதலில் படித்தவர் ஒரு பேங்க் ஆபீசர். “பரவாயில்லையே, டைப்பிங் சொல்லிக்குடுக்கறது நல்லதுதான்” என்றார். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். இதற்காகவா இவ்வளவும் என்று ஜெயக்கொடிக்கு ஒரு கணம் தோன்றியது.

கே.கே. நகரிலேயே கிளினிக் வைத்திருந்த டாக்டர் அனந்தலக்ஷ்மி இரண்டு முறை படித்தார். “என் பொண்ணு எட்டாவது படிக்கறா. அவளுக்கு இது மட்டும்தான்னு யார் தீர்மானம் பண்ணினது? என்னைக் கேட்டேளா?” என்றார். குரல் உயரவில்லை.

“இல்லம்மா, மிஷினு கம்மி...” என்று வெள்ளைத்துரை ஆரம்பித்தார்.

“கம்மின்னா எல்லாருக்கும் கம்மியா குடுங்கோ.”

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள் முன்னால் வந்தார். உக்கிரபாண்டி. சீனியம்மாளின் அப்பா. கப்பலூரில் வெள்ளைத்துரையின் ஃபேக்டரியிலேயே ஃபிட்டர். இஸ்திரி போட்ட சட்டை. விரல் நகங்களில் மட்டும் கரி. கதவில் இருந்ததை எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்து முடித்தார். எல்லோரும் காத்திருந்தார்கள்.

“மொதலாளி” என்றார். “எம் மக ஒரு தேதியக் குடுத்தா கெழமை சொல்ற மாதிரி என்னமோ எழுதிக்கிட்டு இருந்தா. என் பொறந்த தேதியப் போட்டு, செவ்வாக்கெழமைன்னு எடுத்துக் குடுத்தா. எங்காத்தா வெள்ளிக்கெழமைன்னுதான் சொல்லும். அப்பத்தான் தெரிஞ்சது, பள்ளிக்கொடத்துல சேக்கும்போது வாத்தியார் கையில வந்த தேதிய எழுதிட்டாருன்னு. நாப்பது வருசமா யாருக்கும் தெரியல. எம் மகளுக்குத் தெரிஞ்சிருச்சு.”

யாரோ சிரித்தார்கள். உக்கிரபாண்டி சிரிக்கவில்லை.

“எழுபத்தொம்பதுல புது பிரஸ்ஸு வந்துச்சே, அப்ப நான் ஹெல்பரு. ‘நீ ஹெல்பரு, தொடாத’ன்னு மேஸ்திரி சொன்னாரு. நீங்கதான் ‘அவன் தொடட்டும்டா, தொடாம எப்படிக் கத்துக்கிருவான்’னு சொன்னீங்க. ஃபேக்டரில என்னைத் தொடச் சொன்ன ஆளு, பள்ளிக்கொடத்துல எம் மகளத் தொடாதங்கறீங்களே மொதலாளி.”

சொல்லி முடித்ததும் அவருக்கே தான் யாரிடம் பேசினோம் என்பது உறைத்தது போலிருந்தது. கையைக் கட்டிக்கொண்டார். ஆனால் பின்வாங்கவில்லை.

வெள்ளைத்துரை கதவையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பேங்க் ஆபீசர் இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலைந்து அம்மாக்கள் டாக்டரின் பக்கத்தில் போய் நின்றிருந்தார்கள். அவர் காகிதத்தைப் பிடித்து இழுத்தார். பசை நன்றாக இருந்தது. பாதி கையோடு வந்தது, ‘மாணவிகள்’ என்ற சொல்லோடு மீதி கதவிலேயே நின்றது.

“டீச்சர், உள்ள வாங்க” என்றார்.

அறைக்குள் அவரும் அவளும் மட்டும். வெளியே பேச்சுக் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

“என் சபையில என்னை நிறுத்திட்டீங்கள்ல?”

“நீங்க கையெழுத்துப் போட்டதத்தான் சார் ஒட்டினேன்.”

அவர் நீளமாக மூச்சுவிட்டார். “அந்த வரிய எடுத்துருங்க. ஆனா ஒண்ணு. வர்ற திங்கக்கிழமையிலிருந்து இந்த அறை உங்ககிட்ட இல்ல. சயின்ஸ் எடுக்குற மருது சாரு பாத்துக்கிருவாரு. நீங்க ஆறாங்கிளாஸ் கணக்கு எடுங்க. அப்புறம் அந்த மன்னிப்புக் கடுதாசி இன்னும் வரல.”

“வரியை எடுக்கிறேன் சார். அறைய யாருக்கு வேணும்னாலும் குடுங்க. கடுதாசி எழுத மாட்டேன்.”

“எழுதலைன்னா வேல போகும்.”

“என்னத்துக்காகப் போகுதுன்னு ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்க சார். போறேன்.”

இன்னொரு காகிதத்தில் கையெழுத்துப் போட வெள்ளைத்துரைக்கு மனசில்லை என்பது தெரிந்தது. கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

ஜெயக்கொடி ஆறு பிளாப்பியிலும் ஸ்டிக்கரை உரித்தாள். ஒவ்வொன்றாக இயந்திரத்தில் போட்டு, நூற்றி நாற்பத்தைந்து என்று தட்டி, எதுவும் எழுதாமல் விசையை அழுத்தினாள். வரி போயிற்று. வெளியே நின்ற பெற்றோர்களும் பிள்ளைகளும் ஒவ்வொருவராக உள்ளே வந்து பின்னால் நின்று பார்த்தார்கள். யாரும் கைதட்டவில்லை. மூன்றாவது இயந்திரம் தயாரானதும் சீனியம்மாள் வந்து உட்கார்ந்து ஐந்நூற்று நாற்பத்தொன்று என்று தன் எண்ணைத் தட்டினாள். உக்கிரபாண்டி நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

திங்கட்கிழமை ஜெயக்கொடி சாவியை மருதுவிடம் கொடுத்துவிட்டு ஆறாம் வகுப்புக்குப் போனாள். ஐம்பத்திரண்டு பிள்ளைகள், பின்னக் கணக்கு. மாடியைக் கடக்கும்போதெல்லாம் கால் ஒரு நொடி தயங்கும். அந்த வலி கடைசி வரை இருந்தது. இல்லை என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பஞ்சாபகேசன் மூன்று முறை அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். முதல் முறை, “ரெண்டு வரி எழுதிக் குடுத்துடும்மா, ஃபைலை மூடிடலாம்” என்றார். இரண்டாம் முறை, தானே எழுதிய கடிதத்தை நீட்டி, கையெழுத்து மட்டும் போடச் சொன்னார். அவள் படித்துப் பார்த்து, அதில் இருந்த ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தாள். மூன்றாம் முறை போனது மார்ச்சில், அவர் ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம். ஃபைல் மேசைமேல் திறந்து கிடந்தது.

“எழுத மாட்டே, இல்லையா?”

“எழுத மாட்டேன் சார்.”

அவர் பேனாவை எடுத்து, ஃபைலின் ஓரத்தில் ‘பதில் பெறப்படவில்லை’ என்று குறித்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு அதை அடித்து, ‘பதில்: மறுப்பு’ என்று எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.